தெருவிளக்கும் தெருவும்

சென்ற தவணையிலே குடியியற் பாட ஆசிரியர் விடுமுறையில் இருந்தமையால், தமிழாசிரியராகிய நாம் பத்தாந் தர மாணவர்க்கு உள்ளூராட்சி பற்றிய பாடத்தை நடத்த நேர்ந்தது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுத் தெருக்கள் என்று பிரதேச சபையின் கடமைகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினோம். மறிச்சுக்கட்டியிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான்.

"சேர், சபை தெருவுக்கு லைட் போடும். சரி. அந்தத் தெரு போற காணி காடா ஊரா எண்டு ஆர் சொல்றது?"

வகுப்புச் சிரித்தது. "அதற்கு வேறு திணைக்களம் உண்டு" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த தலைப்புக்குப் போனோம். விடை பிழையன்று. ஆயினும் பாடவேளை முடிந்து ஆசிரியர் அறைக்குத் திரும்பும்போது, ஒரு நாணம் எம்மைத் தொடர்ந்து வந்தது. அதிகாரப் பகிர்வைப் பற்றி மேடைகளிலும் ஏடுகளிலும் நாம் பேசிவரும் பேச்சிலே, அந்தச் சிறுவனின் கேள்வி எங்கேயாவது இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தோம். இக்கட்டுரை அந்த எண்ணத்தின் விளைவு.

மறிச்சுக்கட்டியை அறியாத வாசகர்க்குச் சில சொற்கள். மன்னார் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தொலைவில், முசலிப் பிரதேசத்தின் தென்கோடியில், கடலுக்கும் காட்டுக்கும் இடையே கிடக்கும் முஸ்லிம் கிராமம் அது. தெற்கே மோதரகம் ஆறு. ஆற்றுக்கு அப்பால் வில்பத்து. வட மாகாணம் அங்கே முடிகிறது. பெயரைப் பார்த்தால் 'மறித்துக் கட்டிய இடம்' என்று பொருள்படும். எந்த நீரை எவர் மறித்தாரோ! நாட்டின் நடுப்பகுதியில் வாழ்பவர்க்கு எல்லை என்பது படத்திலே ஒரு கோடு. இத்தகைய ஊரவர்க்கோ அது விறகு வெட்டப் போன இடத்தில் வழிமறிக்கும் எல்லைக்கல்.

இனிச் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் மேற்சொன்ன கடமைகளைச் சபைக்குத் தந்தது. மக்களின் வசதியையும் நலனையும் பேணும்படியும் பொதுவாகப் பணித்தது. அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளைத் தோற்றுவித்தது. மாகாணப் பட்டியலிலே 'காணி' என்ற சொல் உண்டு. ஆனால் அதன் பின்னிணைப்போ அரச காணி குடியரசுக்கே உரியதாகத் தொடரும் என்கிறது. தேசியக் காணி ஆணைக்குழு ஒன்றை அமைக்கும்படியும் அதே பின்னிணைப்பு விதித்தது. மூன்று தசாப்தங்களுக்கு மேலாகியும் அது அமைக்கப்படவில்லை. 2013 செப்ரெம்பர் 21இல் வட மாகாண சபைக்கு முதன்முறையாகத் தனியே தேர்தல் நடந்தது. வாக்களித்த விரலின் மை காயுமுன், 26ஆம் திகதி, மலையகத் தோட்டக் காணி ஒன்று பற்றிய வழக்கிலே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அரச காணி மீதான அதிகாரம் மாகாண சபைக்குக் கைமாறவில்லை என்பது அதன் சாரம். வனமோ 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் வழிவந்து இன்றும் மத்திய திணைக்களத்தின் கையிலே இருக்கிறது.

ஆக, விளக்குக் கம்பம் சபைக்கு. கம்பம் நிற்கும் நிலம் கொழும்புக்கு. விளக்கு எரியாவிட்டால் ஊரவர் தவிசாளரைத் திட்டுவர். நிலம் பறிபோனால் திட்டுவதற்கும் ஆள் அகப்படாது.

அரசாங்கம் மறிச்சுக்கட்டியை அறியாமல் இருந்தது என்று எவரும் நினைக்க வேண்டா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நன்றாகவே அறிந்திருந்தது. முத்துக்குளிப்புக் காலத்திலே இந்த மணற்கரையில் ஒரு நகரமே எழுந்தது. நீதிமன்றம், மருத்துவமனை, பொலிஸ், கடைத்தெரு, இருபது முப்பதினாயிரம் மக்கள்! 1906ஆம் ஆண்டின் குளிப்பிலே இளம் சிவில் அதிகாரியாக இங்கு கடமை புரிந்தவர் லெனாட் வூல்ஃப்; இலங்கைக் கிராமத்தைப் பற்றிய நாவலை 1913இல் வெளியிட்டவரும் அவரே. கொட்டு எனப்பட்ட வேலியடைப்புக்குள் சிப்பிகள் மூன்று கூறாக்கப்பட்டன. இரண்டு கூறு அரசாங்கத்துக்கு. ஒரு கூறு மூச்சடக்கி மூழ்கியவனுக்கு. அவ்வாண்டிலேயே முத்துப்பார்கள் இலண்டன் கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளில் கம்பனி முறிந்தது. நகரமும் மணலோடு மணலாயிற்று. முத்து இருந்தபோது ஒரு திங்களுக்குள் நகரம் அமைக்க முடிந்த அரசு, முத்து இல்லாத காலத்தில் அவ்வூருக்கு ஒரு வைத்தியசாலை வேண்டும் என்று நினைக்க எத்தனை தசாப்தம் எடுத்தது!

தொலைவிலுள்ள அதிகாரம் கொடுமையானது, ஆகவே அதிகாரம் அருகே வரவேண்டும் என்று இதிலிருந்து எளிதாக முடித்துவிடலாம். நமது மேடைகளில் அவ்வாறே முடிக்கிறோம். ஆனால் மறிச்சுக்கட்டியின் வரலாறு அவ்வளவு எளிதில் நம்மை விடுவதாக இல்லை.

1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேறவேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அகன்றனர். யாழ்ப்பாண நகரிலே அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். முசலி ஊர்களின் மக்களுட் பெரும்பாலோர் புத்தளத்துக்குச் சென்றனர், மறிச்சுக்கட்டி வெறுமையாயிற்று. இந்தக் கட்டளை கொழும்பிலிருந்து வரவில்லை. டில்லியிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரவில்லை. அயலிலிருந்து வந்தது. அதே தமிழ்மொழியில் வந்தது. தமிழர்க்குத் தம் நிலத்தின் மேல் தாமே தீர்மானிக்கும் உரிமை வேண்டும் என்று கூறிய குரலிலேயே வந்தது.

வடக்கிலே பிறந்த தமிழராகிய நாம் இதை எழுதும்போது கை தயங்குகிறது என்பதை மறைக்கவில்லை. அக்காலத்தில் நாம் குழந்தைகள், ஆதலால் எமக்கு அதில் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதிகாரப் பகிர்வைக் கோரும் உரிமையை முன்னோரிடமிருந்து பெற்றுக்கொண்டு, அந்தக் கோரிக்கையின் நிழலில் நிகழ்ந்ததை மட்டும் பெற மறுப்பது எவ்வகை நியாயம்? மறிச்சுக்கட்டி வாசி ஒருவர் வட மாகாண சபைக்கு அதிகாரம் வேண்டும் என்ற முழக்கத்தைக் கேட்டு உடனே கைதட்டாவிடின், அதைப் பேரினவாதத்துக்குத் துணைபோதல் என்று நம்மிற் சிலர் கூறுவர். அவர் கைதட்டாத காரணத்தை நாமன்றோ அறிந்திருக்க வேண்டும்!

இது வடக்கிற்கு மாத்திரம் உரிய நோயன்று. இந்திய அரசியலமைப்பு ஆக்கப்பட்ட காலத்தில், கிராமத்தை ஆட்சியின் அடியலகாகக் கொள்ளும் எண்ணத்தை அம்பேத்கர் கடுமையாக எதிர்த்தார். அப்போது அவர் எதை நினைத்திருப்பார் என்பதைப் பிற்காலத் தமிழ்நாடு காட்டிற்று. பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்புத் தகுதி தந்த 73ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. மதுரை மாவட்டத்து மேலவளவில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30இல் வேறு ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில் 2006ஆம் ஆண்டுவரை அத்தகைய தேர்தல் ஒழுங்காக நடக்கவே விடப்படவில்லை. அங்கே சட்டம் இருந்தது, பதவி இருந்தது, அதிகாரமும் கிராமத்துக்கு வந்துவிட்டது. வந்த அதிகாரத்தைத் தெருவின் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டது.

ஆகவே அதிகாரத்தின் தூரத்தை மைலிலே அளப்பது தவறு என்ற முடிவுக்கு நாம் வருகிறோம். ஒருவனைப் பற்றித் தீர்மானம் எடுக்கும்போது அவன் எங்கே இருக்கிறான்? அவனால் 'ஏன்' என்று கேட்க இயலுமா? கேட்டபின் உயிரோடும் உடைமையோடும் இருக்க இயலுமா? தீர்மானித்தவர் அவனுக்கு விடைசொல்லக் கட்டுப்பட்டவரா? இவற்றால் அளக்கப்படுவதே அதிகாரத்தின் தூரம். 1871ஆம் ஆண்டின் பாரிஸ் கம்யூனை மார்க்ஸ் மெச்சியது அது பாரிஸுக்கு அண்மையில் இருந்ததனால் அன்று; அதன் பிரதிநிதிகளை வாக்களித்தவர் எந்நேரமும் திருப்பியழைக்க முடிந்ததனால். இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், 1990இல் அடுத்த ஊரிலிருந்து வந்த துவக்கும் 2017இல் மொஸ்கோவிலிருந்து வந்த கையொப்பமும் மறிச்சுக்கட்டிக்கு ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருந்தன.

மொஸ்கோ என்றது மிகையன்று. அந்தக் கதையையும் சொல்லவேண்டும்.

2009இல் போர் முடிந்தபின் மக்கள் திரும்பத் தொடங்கினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மனிதர் புழங்காத நிலத்திலே காடு என்ன செய்யுமோ அதைச் செய்திருந்தது. வீட்டு முற்றத்தில் முதிரையும் பாலையும், கிணற்றுக்குள் வேர். வீடு எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடிக்கப் பழைய புளியமரத்தையும் பள்ளிவாசற் சுவரையும் குறியாகக் கொண்டனர். 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, விலத்திக்குளம், பெரியமுறிப்புப் பகுதிகள் வர்த்தமானி மூலம் ஒதுக்கப்பட்ட காடுகளாயின. தரைக்கு வந்து பாராமல் படத்தின் மேல் கோடு போட்டார்கள் என்பது ஊரவரின் முறைப்பாடு. பின்னர் 2017 மார்ச் 24ஆம் திகதிய வர்த்தமானி இவற்றை வேறு பகுதிகளோடு சேர்த்து 40,030 ஹெக்டேயர் பரப்புள்ள மாவில்லு வனப் பாதுகாப்புப் பிரதேசமாக்கியது. அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவுக்கு விஜயம் செய்திருந்தபோது அங்கிருந்தே அதற்குக் கையொப்பமிட்டார். அந்த மாத முடிவிலேயே மறிச்சுக்கட்டி மக்கள் தெருவோரம் கொட்டகையிட்டு அமர்ந்தனர்; வாரக்கணக்கில் எழவில்லை. அதே காலத்தில், அண்டைக் கத்தோலிக்க ஊராகிய முள்ளிக்குளத்தின் மக்களும் தெருவிலிருந்தனர். 2007இல் வெளியேற்றப்பட்ட அவர்களது ஊர் கடற்படை முகாமாகியிருந்தது. பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தன. தமிழ்ப் பத்திரிகைகளிற் பல அவற்றை இரு வேறு செய்திகளாக இரு வேறு பக்கங்களில் இட்டன என்பது எமது நினைவு.

காட்டின் பக்கத்து நியாயத்தைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. அது வலுவான நியாயம். வில்பத்துவும் அதன் வடபுறத்துக் காடுகளும் இந்த வறண்ட கரையோரத்தின் நீரையும் நிழலையும் காத்துநிற்பவை. யானைக்கு வாக்கில்லை, இனிப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் வாக்கில்லை. இன்று ஊரில் இருப்பவர் கை உயர்த்தி வாக்களித்தால் மட்டும் ஒரு காட்டை அழித்துவிடலாம் என்பது ஜனநாயகம் ஆகாது. மீள்குடியேற்றம் என்ற பெயரில் அரசியல்வாதிகள் வரம்பு மீறியதும் பொய்யன்று. சூழலியலாளர் தொடுத்த வழக்கிலே, கல்லாறு வனப் பகுதியில் குடியேற்றத்துக்காகக் காடு வெட்டப்பட்டது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பொறுப்பாயிருந்த முன்னாள் அமைச்சரின் செலவில் மரம் மீள நடப்பட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. அந்தக் காணிகளை எவருக்கு, எந்த ஒழுங்கில் கொடுப்பது என்பதையும் ஊர் கூடித் தீர்மானிக்கவில்லை. அதையும் ஒரு பெரியவர் மேலிருந்தே செய்தார். ஏழைக் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு துண்டுக் காணியும், 'காடழித்தவர்' என்ற பெயரும்.

இங்கேதான் நாம் முதலிற் சொன்ன நாணம் கூர்மையடைகிறது. காட்டைக் காத்த வர்த்தமானியும் காட்டை வெட்டிய அமைச்சும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றின. உண்மையில் இரண்டும் ஒரே வழக்கத்தின் பிள்ளைகள். இரண்டும் மறிச்சுக்கட்டியைப் பற்றித் தீர்மானித்தன. இரண்டும் மறிச்சுக்கட்டியைக் கேட்கவில்லை. காட்டின் எல்லையை ஊரவரோடு நடந்து, எது 1990க்கு முன் வயல், எது குளம், எது மையவாடி, எது என்றும் காடாகவே இருந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்திருந்தால், ஊருக்குச் சில ஏக்கர் குறைந்திருக்கலாம். காட்டுக்கும் சில ஏக்கர் குறைந்திருக்கலாம். ஆனால் தான் நடந்து குறித்த எல்லையை ஒருவன் தாண்டும்போது அவன் குற்றவாளி என்று நெஞ்சறிந்து சொல்லமுடியும். கேளாமல் வரைந்த கோட்டைத் தாண்டுபவனைக் குற்றவாளி என்பதற்குச் சட்டப் புத்தகம் போதும், அறம் வராது.

'கேட்பது' என்றால் யாரைக் கேட்பது? கிராமத்துக்கெனத் தெரிவு செய்யப்பட்ட சபை ஒன்று இருந்தாலன்றோ கேட்கலாம். ஒருகாலத்தில் இருந்தது. 1924ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தெரிவு செய்யப்பட்டோரைக் கிராமச் சபைகளில் பெரும்பான்மையாக்கிற்று. குறைகள் பல இருந்தும், வாய்க்காற் சண்டை முதல் வண்டிப்பாதை வரை அவை பேசின. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளைக் கொண்டுவந்தபோது, நாடெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராமச் சபைகளை ஒருங்கே ஒழித்தனர். அதிகாரப் பகிர்வு என்ற பெயரிலேயே அது நடந்தது என்பதைக் கவனிக்க. ஒரு படி மேலே வைப்பதற்காக அடிப்படி கழற்றப்பட்டது! ஆறாண்டின் பின் வந்த பிரதேச சபை, பழைய கிராமச் சபையினும் பன்மடங்கு பெரிய பரப்பைக் கொண்டது. அரிப்பும் சிலாவத்துறையும் கொண்டச்சியும் மறிச்சுக்கட்டியும் அதிலே சில வட்டாரங்கள்.

பிந்திய மறுசீரமைப்புகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. உள்ளூராட்சிக்கு வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறை வந்தது. அதன்படி 2018 பெப்ரவரி 10இல் தேர்தல் நடந்தது. மாகாண சபைத் தேர்தல் முறையும் 2017இல் மாற்றப்பட்டது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஓர் உறுப்பினர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. கேட்டவர் சிரிப்பாரோ அழுவாரோ, நாம் அறியோம். அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தது. 2025ஆம் ஆண்டிலும் மாகாணத் தேர்தல் நடக்கவில்லை. பிரதேச சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட தேர்தலுக்குத் திறைசேரியில் பணமில்லை என்றனர். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் கூறிற்று. தேர்தல் நடந்ததோ 2025 மே 6இல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில், மறிச்சுக்கட்டியில் ஒருவர் தம் தெருவைப் பற்றி முறையிட, தாம் வாக்களித்துத் தெரிந்த ஆள் ஒருவரும் ஊரிலும் இல்லை, மாகாணத்திலும் இல்லை. செயலாளரும் ஆளுநரும் இருந்தனர். அவர்கள் நல்லவர்களாக இருக்கலாம். நல்லவர் என்பதும் விடைசொல்லக் கட்டுப்பட்டவர் என்பதும் ஒன்றல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு; பாடநூல் அதைத் தொடுவதில்லை. மறிச்சுக்கட்டியின் மக்கள் என்போர் யார்? இன்று அங்கே அடுப்பெரிப்போர் மட்டுமா? புத்தளத்தில் பிறந்து, அங்கே பள்ளி சென்று, 'ஊர்' என்றால் மறிச்சுக்கட்டி என்று தாய் சொல்லக் கேட்டு வளர்ந்தவளும் அவ்வூரவளா? 2019 நவம்பர் 16இல், ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம் வாக்காளரின் பஸ்கள் தந்திரிமலைக்கு அருகே துப்பாக்கிச் சூட்டுக்கு உள்ளாயின. வாக்குச் சாவடிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து, சன்னத்துக்குத் தப்பி வந்து புள்ளடியிட்ட ஒருவரைப் பார்த்து 'நீர் இவ்வூர்வாசி அல்லர்' என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் அவர் வாக்கினால் அமையும் சபையின் குப்பை வண்டி அவர் வாசலுக்கு வருவதில்லை என்பதும் உண்மை. இருக்கும் இடத்தில் சேவை, பிறந்த இடத்தில் வாக்கு: இவ்விரண்டுக்கும் நடுவே பிளவுண்ட வாழ்க்கைக்கு ஏற்ற உள்ளூராட்சிச் சட்டத்தை எவரும் இன்னும் சிந்திக்கவில்லை. வட்டாரத்தின் மக்கட்டொகையை எண்ணும்போது இல்லாதவரை எப்படி எண்ணுவது என்பது கணக்கியற் கேள்விபோலத் தோன்றும். துரத்தப்பட்டமையால் இல்லாதிருப்பவனை, இல்லாதவன் என்ற காரணத்தாலேயே கணக்கினின்றும் நீக்குவது துரத்தியவனின் வேலையை முடித்துக்கொடுப்பதாகும் என்பது எமது கருத்து.

நம்பிக்கைக்கு இடமே இல்லையா என்று கேட்கும் இளைய வாசகர்க்காகக் கேரளத்தைச் சுட்டலாம். 1996இல் அங்கே தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிற்று. எதற்குச் செலவிடுவது என்று ஊர்க்கூட்டங்களில் பேசச் செய்தது. பணமும் தீர்மானமும் ஒருங்கே இறங்கின. அங்கும் கட்சிப் பூசல் உண்டு, சோர்வு உண்டு. ஆயினும் கிணறு எங்கே தோண்டுவது என்பதை விவாதித்துப் பழகிய ஊர், காட்டை எங்கே நிறுத்துவது என்பதையும் விவாதிக்கத் தகுதி பெறும். நம்மவர்க்கு அந்தப் பழக்கம் இல்லையே என்பர். தண்ணீரில் இறங்கவிடாமல் நீந்தத் தெரியவில்லை என்று குறைகூறும் வாதம் அது.

மறிச்சுக்கட்டிச் சபை ஒன்று நாளை அமைந்து, அதற்குக் காணியிலே குரலும் இருந்தால், அது காட்டை வெட்டாது என்று நாம் உறுதி கூற முடியாது. வெட்டலாம். தன் ஊரின் ஏழைக்குக் கொடாமல் செல்வனுக்குக் கொடுக்கலாம். அயலூர் மீனவரோடு வீண் வழக்காடலாம். அவ்வாறு செய்தால், செய்தவர் யார் என்று தெரியும். மறுநாட் காலை அவரைச் சந்தையிலே காணலாம். அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். எமக்கு வேண்டியதும் இவ்வளவே. இதற்கு மேலாகத் தூய்மையை நாம் எதிர்பார்க்கவில்லை.

நிற்க. அந்த மாணவனுக்கு நாம் தந்த விடை எமக்கே போதாதிருந்தமையால், மறுநாள் அவனை அழைத்து, காணி பற்றிக் கேட்கவேண்டிய மூன்று அலுவலகங்களின் பெயர்களையும், மனு எழுதும் முறையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவன் அதை வாங்கிப் படித்தான். மரியாதையாகவே சொன்னான்:

"இந்த மூண்டுக்கும் வாப்பா போனவர் சேர். கடிதமெல்லாம் பைலிலை இருக்கு. நாளைக்குக் கொண்டுவந்து காட்டட்டா?"

கொண்டுவந்தான். தடித்த கோப்பு. முதற் கடிதத்தின் திகதி அவன் பிறப்பதற்கு முந்தியது.